நகரும் வீட்டில் எரியும் அடுப்பு

அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘ஆர்.வி.’ என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் வீட்டு வண்டி, படுக்கை, கழிப்பறை, சமையலறை ஆகிய மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் வாகனமாகும்; படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனைப் பார்த்தவர்கள் அதன் அமைப்பை எளிதில் ஊகித்துக்கொள்ளலாம். இவ்வண்டிகளில் பெரும்பாலும் சமையல் நடப்பது எரிவாயு அடுப்பில்தான். வீட்டு அடுப்புக்கும் இதற்கும் பர்னர் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. அடுப்பைச் சுற்றியுள்ள அறை மிகச் சிறியது என்பதும், அந்த அறையே குலுங்கிக்கொண்டு பயணம் செய்கிறது என்பதும்தான் வேறுபாடு. வீட்டில் தீங்கின்றிச் செய்துவந்த பழக்கங்கள் சில இங்கே ஆபத்தாவதற்கு அதுவே காரணம்.

ஆறு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள ஒரு வண்டியின் உட்பகுதி 24 கன மீட்டர். கட்டிலும் அலமாரியும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் அதுவும் குறையும். அங்கு எரிபொருளாகப் பயன்படும் புரொப்பேன் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். 2 கிலோவாட் ஆற்றலுள்ள பர்னர் ஒன்று மணிக்குச் சுமார் 150 கிராம் வாயுவை எரிப்பதால், இரண்டு பர்னர்களில் ஒரு மணி நேரம் சமைப்பவர் நான்கு கன மீட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் செலவிட்டுவிடுகிறார். அதாவது, அடைத்த வண்டியிலுள்ள ஆக்சிஜனில் ஆறில் ஒரு பங்கு தீர்ந்துபோகிறது. கூடவே அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாகப் பிறந்து கண்ணாடிகளிலும் சுவர்களிலும் படிகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, நீலச் சுடர் மஞ்சளாக மாறி, கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு உருவாகத் தொடங்கும். நிறமோ மணமோ இல்லாத இவ்வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைந்துகொள்வதால், தலைவலியையும் மயக்கத்தையும் பயணக் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடுபவர் எழாமலே போகக்கூடும்.

இதற்குத் தடுப்பு எளியது: அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே கூரையிலுள்ள காற்றுப்போக்கியைத் திறக்க வேண்டும் அல்லது புகைபோக்கி விசிறியை ஓட்ட வேண்டும், அதோடு ஒரு சன்னலையும் திறந்துவைக்க வேண்டும். விசிறி ஓடுகிறதே என்று சன்னலை மூடிவைப்பவர்கள் பலர். உள்ளே வர வழியில்லாத காற்று வெளியேறவும் செய்யாது என்பதால் அவ்விசிறியால் பெரிய பயன் விளைவதில்லை. குளிர்ந்த இரவில் அறையைச் சூடாக்க அடுப்பை எரியவிடுவது இவ்வகைத் தவறுகளுள் மிகக் கொடியது. அவ்வாறு செய்யக் கூடாது என்ற எச்சரிக்கை அமெரிக்க வண்டிகளில் அடுப்பின் அருகிலேயே ஒட்டப்பட்டிருந்தும், குளிர் மிகுந்தால் அதைப் படிப்பவர் குறைவு.

வாயு எரிந்தால் வரும் கேடு இது. எரியாமல் கசிந்தால் வருவது வேறு. புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே அது மேலெழுந்து சன்னல் வழியே போய்விடாமல் தரையில் தேங்கும். காற்றில் அதன் அளவு 2.1 விழுக்காட்டை எட்டினாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். மேற்சொன்ன வண்டி முழுவதும் அந்த நிலையை அடைய ஒரு கிலோ வாயு கசிந்தால் போதும். தரையளவில் மட்டும் தேங்கும்போது அதில் சிறு பங்கே போதுமானது. சன்னல் காற்று சிறு சுடரை அணைத்துவிட, சமைப்பவர் அதைக் கவனியாதிருப்பதும் ஒரு கசிவே. சுடர் அணைந்ததும் குளிர்ந்துபோகும் உலோக முனை ஒன்றின் துணையால் வாயுவைத் தானே நிறுத்தும் சுடர் காப்பு, ஐரோப்பிய வண்டிகளின் அடுப்புகளில் ஒவ்வொரு பர்னரிலும் உண்டு. எல்லா அமெரிக்க அடுப்புகளிலும் அது இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

கசிவை மனிதர் அறிவதற்காகவே வாயுவில் எத்தில் மெர்காப்டன் என்ற துர்நாற்றப் பொருள் சேர்க்கப்படுகிறது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளியில், மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து முந்நூறு பேரளவில் இறந்த பின்னரே இந்த வழக்கம் சட்டமாயிற்று. எனினும் உறங்குபவரின் மூக்கு காவல் நிற்காது. ஆகவே புரொப்பேனுக்குத் தரையை ஒட்டி ஓர் உணர்கருவியும், கார்பன் மோனாக்சைடுக்கு வேறோர் உணர்கருவியும் வண்டியில் பொருத்தப்படுகின்றன. இவற்றின் ஆயுள் சில ஆண்டுகளே. பின்புறம் அச்சிட்ட தேதி கடந்தபின் பச்சை விளக்கு எரிந்தாலும் அதை நம்புவது சரியன்று.

சிலிண்டரின் இடமும் முக்கியமானது. புரொப்பேன் கழித்தல் 42 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாவதால் பனிக்காலத்திலும் அடுப்பு எரியும். அதே காரணத்தால் சாதாரண வெப்பநிலையில் சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் எட்டு மடங்காக இருக்கும். இதனால் அது ஒருபோதும் வாழும் பகுதிக்குள் வைக்கப்படுவதில்லை; வண்டிக்கு வெளியிலோ, உட்புறம் முழுவதும் அடைக்கப்பட்டு வெளிப்புறம் மட்டும் காற்றுத்துளை உள்ள பெட்டியிலோ இருக்கும். 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் பொருள் தமிழ் வாசகர்க்கு விளங்கும்.

ஓட்டத்தின் குலுக்கலில் குழாய் இணைப்புகள் தளரும் என்பதால், நீண்ட பயணத்துக்குப்பின் சோப்பு நுரையைப் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பது நல்லது. சிலிண்டர் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால், குழாய் அறுந்துவிட்டதாகக் கருதி இணைப்பிலுள்ள தடுப்பு வாயுவின் ஓட்டத்தைக் குறைத்துவிடும், சுடரும் நலிந்து எரியும். ரெகுலேட்டர் கெட்டுவிட்டதென்று அதை மாற்றப் புறப்படுபவர்கள், வால்வை மூடி, சற்றுப் பொறுத்து, மறுபடி நிதானமாகத் திறந்தாலே போதும். அடுப்பின் கண்ணாடி மூடியை பர்னர் ஆறுமுன் கவிழ்த்தால் அது வெடித்துச் சிதறக்கூடும்.

ஓடும்போது சமைப்பதற்கு இடமே இல்லை. வாயுவில் இயங்கும் குளிர்பெட்டிக்காகச் சிலர் வால்வைத் திறந்தபடியே ஓட்டுகின்றனர். விபத்தில் குழாய் அறுந்தால் நேரக்கூடியதை எண்ணும்போது, சில மணி நேரம் திறவாத குளிர்பெட்டி தானே குளிர்ச்சியைக் காக்கும் என்பதால், மூடிவிட்டு ஓட்டுவதே அறிவுடைமை. எரிபொருள் நிரப்பும் நிலையத்தில் எல்லாச் சுடரையும் அணைத்தாக வேண்டும். சில சுரங்கப்பாதைகளோ சிலிண்டரையே அனுமதிப்பதில்லை: மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதையிலும் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கப்பாதையிலும் 10 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 4.5 கிலோவுக்கு, மேற்பட்ட புரொப்பேன் சிலிண்டருக்குத் தடை உண்டு. அவ்வண்டிகளுக்கு மாற்றுவழியாக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி இடிந்து விழுந்ததிலிருந்து, அவை நகரின் மேற்குப் புறமாகச் சுற்றிச் செல்கின்றன.