கல்யாணத்துக்கு எத்தனை கேமரா வேண்டும்?

நோன்பு முடிந்து ஷவ்வால் பிறந்துவிட்டால் நமது ஊரில் நிக்காஹ் தேதிகள் வரிசையாக வந்துவிடும். அந்த நாட்களில் திருமண உதவி கேட்டும், வட்டியில்லாக் கடன் கேட்டும் பல குடும்பத்தார் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறார்கள். உத்தேசச் செலவுப் பட்டியல் ஒன்றையும் எழுதி எடுத்து வருவார்கள். அரிசி எத்தனை கிலோ, கறி எத்தனை கிலோ, பண்டாரிக்கு எவ்வளவு, மண்டபத்துக் கரண்டுக்கு எவ்வளவு என்று அதில் விவரமாக இருக்கும். போட்டோ, வீடியோ என்ற வரிக்கு எதிரே மட்டும் மொத்தமாக ஒரு தொகை இருக்கும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டால், “ஐந்து பேர் டீம் என்று ஸ்டுடியோவில் சொன்னார்கள்” என்பார்கள். அந்த ஐந்து பேரும் என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. கறிக்கடையில் கால் கிலோ குறைந்தாலும் கேள்வி கேட்கும் நாம், இந்த ஒரு வரியில் மட்டும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுகிறோம்.

உருவப்படம் கூடுமா கூடாதா என்ற மார்க்கத் தீர்ப்பு இக்கட்டுரையின் பொருள் அல்ல. அதை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுப்பது என்று முடிவு செய்துவிட்ட குடும்பத்துக்கு எத்தனை பேர் தேவை என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில், ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் எண்ணிக்கையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஸ்டுடியோக்களின் விலைப்பட்டியலில் ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ என்று நான்கு இருக்கும். மேடைக்கு எதிரில் நின்று, வருகிறவர்களை வரிசையாக நிறுத்தி எடுப்பவர் ட்ரெடிஷனல். யாரையும் நிறுத்தாமல், சிரிப்பதையும் கண் கலங்குவதையும் ஓரமாக நின்று எடுப்பவர் கேண்டிட். வீடியோவும் அப்படியே இரண்டு வகை. இவர்களோடு லைட் பிடிக்கும் உதவியாளர் ஒருவர் வருவார். ஆகவே ‘ஐந்து பேர் டீம்’ என்றால் ஐந்து புகைப்படக்காரர்கள் என்று பொருளல்ல. புகைப்படம் எடுப்பவர்கள் இருவராகத்தான் இருப்பார்கள், சில சமயம் ஒருவராகவும் இருக்கலாம். சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் ஐவருக்கும் இலை போட வேண்டும்.

இனி, எத்தனை பேர் என்று எப்படி முடிவு செய்வது? விருந்தினர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வதுதான் வழக்கம். “ஆயிரம் பேருக்கு அழைப்புக் கொடுத்திருக்கிறோம், ஒரு கேமரா எப்படிப் போதும்?” என்பார்கள். நாம் பார்த்தவரை இந்தக் கணக்கு சரியாக வருவதில்லை. ஒரு குடும்பம் மேடையேறி, நின்று, படம் எடுத்துக்கொண்டு இறங்க ஒரு நிமிடம் ஆகும் என்று வையுங்கள். பெண்கள் பகுதிக்கு 200 பேர் வந்து, நான்கு நான்கு பேராக மேடையேறினால் 50 நிமிடத்தில் முடிந்துவிடும். 500 பேர் வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்போது இன்னொரு புகைப்படக்காரர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியுமா? முடியாது. மேடை ஒன்றுதான், மணப்பெண்ணும் ஒருவர்தான். இரண்டு கேமரா இருந்தாலும் அதே வரிசை, அதே நேரம். கூட்டம் அதிகமென்றால் மேடைக்கு ஒதுக்கும் நேரத்தைக் கூட்டலாம். கேமராவைக் கூட்டிப் பயனில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரே நேரத்தில் எத்தனை இடங்களில் முக்கியமான காரியம் நடக்கிறது?

நமது திருமணங்களில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஒரே மேடையில் மணமகனும் மணமகளும் உட்கார்ந்திருக்க, எல்லாம் அங்கேயே நடக்கும் திருமணங்களை மனதில் வைத்துத்தான் ஸ்டுடியோக்காரர்கள் ஆள் கணக்குப் போடுகிறார்கள். நம்மிடம் ஆண்கள் பகுதி வேறு, பெண்கள் பகுதி வேறு. பல ஊர்களில் நிக்காஹ் பள்ளிவாசலிலும், பெண்கள் கூடுவது வீட்டிலோ மண்டபத்திலோ நடக்கிறது. வக்கீலும் இரண்டு சாட்சிகளும் பெண்ணிடம் சம்மதம் கேட்கப் போகும் நேரத்தில், மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்துகொண்டிருக்கும். இங்கே மாப்பிள்ளை சம்மதம் சொல்லி தஃப்தரில் கையெழுத்திடும் போது, அங்கே உம்மாவும் மாமியாரும் பெண்ணைச் சுற்றி நின்று துஆ கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே ஆளால் இரண்டையும் எடுக்க முடியாது.

ஆகவே ஒரு தாளில் அன்றைய நிகழ்ச்சிகளை மணி வாரியாக எழுதுங்கள். ஆண்கள் பகுதிக்கு ஒரு வரிசை, பெண்கள் பகுதிக்கு ஒரு வரிசை. இரண்டு வரிசையிலும் ஒரே மணிக்கு ஏதாவது விழுந்தால் அங்கே இரண்டு பேர் வேண்டும். விழாத இடத்தில் ஒருவரே போதும். காலை 11 மணிக்கு நிக்காஹ், 12 மணிக்குப் பந்தி, பெண்கள் மேடை 11 முதல் 2 வரை என்று இருக்கும் வழக்கமான திருமணத்துக்கு இரண்டு புகைப்படக்காரர்கள் போதும். ஆண்கள் பகுதிக்கு ஓர் ஆண், பெண்கள் பகுதிக்கு ஒரு பெண். நூறு, நூற்றைம்பது பேருக்குள் வீட்டோடு நடத்துகிறீர்கள், நிக்காஹ் முடிந்த பிறகே பெண்கள் பகுதியில் படம் என்றால், ஒரு பெண் புகைப்படக்காரர் பெண்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆண்கள் பகுதிக்கு, நல்ல போன் வைத்திருக்கும் மச்சான் ஒருவரை நிறுத்தினாலே போதுமானது. மூன்றாவது ஆள் எப்போது வேண்டுமென்றால், இரு வீட்டாரின் நிகழ்ச்சியும் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் நடக்கும்போதுதான். வலீமா மறுநாள் என்றால் அதற்கு ஒருவரே தாராளம்.

பெண்கள் பகுதிக்குப் பெண் புகைப்படக்காரர் என்பதைப் பலர் கூடுதல் வசதி போலப் பேசுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். ஆறு கேமரா வந்த கல்யாணம் அது. ஆறு பேரும் ஆண்கள். பெண்கள் பகுதிக்குள் இருவர் வந்து அரை மணி நேரம் எடுத்துவிட்டுப் போனார்கள். அந்த அரை மணி நேரமும் குடும்பத்துப் பெரிய மனுஷிகள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார்கள். ஆல்பம் வந்த பிறகுதான் பெண் கவனித்தார்: அவரைத் தூக்கி வளர்த்த நன்னி ஒரு படத்திலும் இல்லை. ஒரே ஒரு படத்தில் தூணுக்குப் பின்னால் வெள்ளைச் சேலையின் ஓரம் மட்டும் தெரிகிறது. அடுத்த வருடம் அந்த நன்னி மவுத்தாகிவிட்டார்கள். ஆறு கேமராவுக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ஆகியிருக்காது, ஒரு பெண் புகைப்படக்காரரை முழு நாளும் வைத்திருந்தால்.

இப்போது பெண் புகைப்படக்காரர்கள் பல ஊர்களில் கிடைக்கிறார்கள். ஆனால் குறைவாக இருப்பதால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மண்டபம் பிடிக்கும் அன்றே பேசிவிடுங்கள். “நாங்களே லேடி போட்டோகிராபர் அனுப்புகிறோம்” என்று ஸ்டுடியோ சொன்னால், அவர் முன்பு எடுத்த திருமணத்தின் படங்களை வீட்டுப் பெண்கள் பார்க்கட்டும். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் குடும்பத்தாரின் அனுமதியில்லாமல் எல்லோருக்கும் எடுத்துக் காட்டுகிற ஸ்டுடியோ, நாளை உங்கள் வீட்டுப் படங்களையும் அப்படித்தான் காட்டும்.

பெண் எடுத்தால் மட்டும் பர்தா காப்பாற்றப்பட்டுவிடாது. கார்டில் இருக்கும் படங்களை கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் யார், ஆல்பம் டிசைன் செய்பவர் யார், எந்த ஊர் லேபில் பிரிண்ட் ஆகிறது என்று கேளுங்கள். பெண்கள் பகுதிப் படங்களைத் தனி கார்டில் எடுத்து, பெண்களே எடிட் செய்து தரும் ஏற்பாடு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், அவற்றை ஆல்பத்தில் சேர்க்காமல் பென் டிரைவில் மட்டும் வாங்கிக்கொண்டு, வேண்டிய பத்துப் படங்களை வீட்டிலேயே சிறிய பிரிண்டரில் போட்டுக்கொள்ளலாம். ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராம், யூடியூப், கடை வாசல் பேனர் எதிலும் எங்கள் படம் வரக்கூடாது என்று எழுதி வாங்குவதும் அவசியம். வாய்ப்பேச்சில் விட்டால் ‘விளம்பரத்துக்குத்தானே’ என்பார்கள்.

மண்டபத்தில் எல்.இ.டி. திரை வைப்பவர்கள், பெண்கள் பகுதிக் கேமராவின் ஒயர் ஆண்கள் பகுதித் திரையில் இணைக்கப்படவில்லை என்பதை ஒருமுறை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். சவூதியிலும் துபாயிலும் இருக்கும் அண்ணன் தம்பிகள் பார்ப்பதற்காக நேரலை போடுவதென்றால் ஆண்கள் பகுதி நிக்காஹ் மட்டும் போதும். அதற்கென்று தனி ஆளும் வேண்டாம், ஒரு போனும் ஸ்டாண்டும் இருந்தால் ஆகிவிடும். ட்ரோன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில், வேண்டாம் என்பதே. பக்கத்து வீட்டு முற்றத்தில் துணி உலர்த்தும் பெண்களும் அதில் விழுவார்கள். விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் அனுமதியில்லாமல் பறக்கவிடுவது சட்டப்படியும் குற்றம்.

செலவு இரட்டிப்பாகும் இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெண் வீட்டார் ஒரு டீம் வைக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் ஒரு டீம் வைக்கிறார்கள். ஒரே நிக்காஹை இரண்டு டீமும் எடுக்கிறது. குத்பா ஓதும் ஹஜ்ரத்தைச் சுற்றி எட்டுப் பேர் நிற்க, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குக் கேமராக்காரர் முதுகுதான் தெரிகிறது. சம்பந்தி வீட்டில் பேசினால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறோம். தேதி குறிக்க உட்காரும் அன்றே, “படம் எடுப்பதை இரண்டு வீடும் சேர்ந்தே வைத்துக்கொள்வோமா, சம்பந்தி?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களும் அதையே எதிர்பார்த்திருப்பார்கள். ஒரு டீம், செலவு சரிபாதி, பென் டிரைவ் இரண்டு, ஆல்பம் இரண்டு. கல்யாணச் செலவு முழுவதையும் பெண் வீட்டார் தலையில் கட்டும் பழக்கம் உள்ள இடங்களில் இந்தப் பாதியாவது குறையட்டும்.

பேசி முடித்ததும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். யார் யார் வருகிறார்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஆல்பத்தில் எத்தனை ஷீட், கூடுதல் ஷீட்டுக்கு எவ்வளவு, எடிட் செய்யாத படங்களும் நமக்கு உண்டா, எத்தனை நாளில் தருவார்கள், வரவேண்டியவர் உடம்புக்கு முடியாமல் போனால் மாற்று ஆள் யார் என்பதெல்லாம் அதில் வரட்டும். பில் போடும் ஸ்டுடியோவாக இருந்தால், சொன்ன தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்; கடைசி நாளில்தான் பலருக்கு அது தெரிய வருகிறது. முன்பணமாக மூன்றில் ஒரு பங்கு, அன்று ஒரு பங்கு, ஆல்பம் கையில் வந்த பிறகு ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் ஆல்பத்துக்காக எட்டு மாதம் அலைய வேண்டியிருக்காது.

இதையெல்லாம்விட எளிதான ஒரு வேலை உண்டு. கட்டாயம் படத்தில் இருக்க வேண்டியவர்கள் இருபது பேரின் பெயரை எழுதுங்கள். நன்னா, நன்னி, பெரியத்தா, ஊரிலிருந்து வரும் மாமி, நடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா. குடும்பத்தில் எல்லோரையும் தெரிந்த ஒரு பெண்ணிடமும் ஓர் ஆணிடமும் அந்தத் தாளைக் கொடுத்து, புகைப்படக்காரர் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். யார் நம்முடைய நன்னி என்று எவ்வளவு பெரிய ஸ்டுடியோவுக்கும் தெரியாது. முதியவர்களின் படத்தைக் கூட்டம் வருவதற்கு முன், 10 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். பந்தி தொடங்கிய பிறகு அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

இம்மாதம் நிக்காஹ் வைத்திருப்பவர்கள் மணி வாரியாக எழுதும் தாளை எப்படித் தயாரிப்பது என்று தெரியவில்லையென்றால், அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து எழுதிவிடலாம், இன்ஷா அல்லாஹ். வரும்போது அழைப்பிதழையும், ஸ்டுடியோ கொடுத்த விலைத்தாளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.