9 ஏலக்காயின் வரிசை உங்களுக்கு நினைவிருக்குமா? கண்ணின் ஞாபகத்தில் இத்தனை அதிசயமா!

தேனீக்கு எண்ணத் தெரியும் என்றால் நம்புவீர்களா?

போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலத்தோட்டங்களில் விடியற்காலையில் செடியின் தூரை ஒட்டிப் பூ விரியும். வெள்ளை இதழில் ஊதா வரி. ஆயுசு ஒரே நாள்! அதற்குள் தேனீ வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் காய் பிடிப்பது கஷ்டம். அந்தத் தேனீயின் மூளையில் நரம்பணுக்கள் 10 லட்சம்கூட இல்லை. ஆனால் வழியில் பார்த்த அடையாளங்களை அது எண்ணிக்கொண்டே பறக்கிறது! பெங்களூரில் படித்து ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்த மண்டயம் ஸ்ரீனிவாசனும் மரீ டாக்கேயும் 2008-இல் இதைக் காட்டினார்கள். நீண்ட கூண்டுக்குள் வரிசையாக அடையாளங்கள். குறிப்பிட்ட ஓர் அடையாளத்தின் அருகே மட்டும் சர்க்கரைப் பாகு. இடைவெளியை மாற்றி மாற்றி வைத்தும் தேனீ ஏமாறவில்லை! எதுவரை எண்ணியது? 4 வரை! (சோதனையில் பறந்தது மேல்நாட்டு இனம். நம் ஊர் அடுக்குத் தேனீ அதற்கு நெருங்கிய உறவுதான்!)

எண்ணுவதை விடுங்கள், பார்த்த வரிசையை நினைவில் வைப்பதில் நாம் மட்டும் என்ன, 400 வரை போவோமா?

இப்போதே பார்த்துவிடலாம்! ஒரு தட்டில் 9 ஏலக்காய்களைச் சிதறவிடுங்கள். போடி ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும் 8 மில்லிமீட்டர் காயாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லாம் ஒரே பச்சை, ஒரே பருமன், ஒன்றுக்கும் தனி அடையாளம் கிடையாது! வீட்டில் ஒருவர் நொடிக்கு ஒன்றாக விரலால் தொட்டுக்காட்டட்டும். அதே வரிசையில் நீங்கள் தொட வேண்டும். முதலில் 2 காய், சரியாக வந்தால் 3, பிறகு 4... 7-க்கு வரும்போது விரல் அந்தரத்தில் நிற்கும் பாருங்கள்! கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிலிப் கோர்சி என்பவர் 1972-இல் 9 மரக்கட்டைகளை வைத்து உருவாக்கிய சோதனைதான் இது. மருத்துவமனைகளில் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. பெரியவர்களில் பெரும்பாலோர் எட்டுவது எவ்வளவு தெரியுமா? வெறும் 5 அல்லது 6! தேனீ எண்ணிய 4-ஐவிட ஒன்றிரண்டுதான் கூட!

சிம்பன்சி நம்மை ஜெயித்த கதை தெரியுமா? ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் அயுமு என்றொரு குட்டி. திரையில் 5 எண்கள் 0.21 நொடி மட்டுமே மின்னி மறையும். எது எங்கே இருந்தது என்று ஏறுவரிசையில் தொட வேண்டும். 2007-இல் அயுமு சுமார் 80 சதவீதம் சரியாகத் தொட்டது. கல்லூரி மாணவர்கள்? 40! மனிதர்களும் விடாமல் பழகினால் எட்டிப்பிடிக்கலாம் என்று 2009-இல் தெரிந்தது. அப்பாடா!

மார்கழியில் போடியின் தெருக்களில் நடந்திருக்கிறீர்களா? புள்ளி வைத்து, கம்பிக் கோலத்தை ஒரே இழையில், ஒரு புள்ளியும் விட்டுப்போகாமல் சுற்றிவந்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்கிறார்களே, கையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறதா? இல்லை! பாதியில் நிறுத்தி, "அக்கா, அடுத்து எந்தப் பக்கம் வளையும்?" என்று கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்ல வராது. விரல் மட்டும் காற்றில் இரண்டு சுழி பின்னால் போய் மறுபடி ஓடிவரும்! படமாக இல்லை, திருப்பங்களின் வரிசையாகத்தான் கோலம் மனசில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வாசல் கோலம் கம்ப்யூட்டர் அறிவியலுக்குள்ளேயே போய்விட்டது தெரியுமா? தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன்: கோலம் போடுவதற்கே 1974-இல் ஒரு கணித இலக்கணம் எழுதிவிட்டார்கள்!

100 வேலைகளில் ஒரே சமயத்தில் கவனம் வைக்க முடியுமா? இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் செய்துகாட்டிச் சதாவதானி ஆனார்! முதுகில் விழும் கல்லையும் எண்ண வேண்டும், மணியோசையையும் எண்ண வேண்டும், கேட்ட வெண்பாவையும் பாட வேண்டும்!

2015-இல் வேலூர் வி.ஐ.டி.யில் ராஜ்வீர் மீனா பை எண்ணின் தசமங்களை ஒப்பித்தார். எத்தனை? 70,000! கண்ணைக் கட்டிக்கொண்டு!

பயிற்சியால் ஞாபகம் வளருமா? இங்கேதான் வேடிக்கை! அமெரிக்காவில் ஒரு மாணவர் 230 மணி நேரம் பழகி, கேட்ட இலக்கங்களை ஒப்பிப்பதில் 7-லிருந்து 79-க்குத் தாவினார். 1980-இல் வெளியான ஆய்வு இது. ஓட்டப்பந்தய வீரரான அவர், இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றிக்கொண்டார். சரி, எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தால்? பழையபடி 6-தான்! 2010-இல் பிரிட்டனில் 11,430 பேர் 6 வாரம் மூளைப் பயிற்சி விளையாட்டு ஆடினார்கள். விளையாட்டில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். அதைத் தாண்டி ஒன்றுமில்லை! காசு கட்டி ஆப் வாங்கும் முன் இதை ஒருமுறை யோசியுங்கள்.

காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு, தெரியுமா? போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். போய்வந்து பழகியவரா நீங்கள்? கண்ணை மூடி, வாங்க வேண்டிய மளிகைச் சாமான்களை வழியில் வைத்துக்கொண்டே மனசுக்குள் ஏறுங்கள். அடிவாரத்து முந்தலில் துவரம்பருப்பைக் கொட்டுங்கள். முதல் வளைவில் புளி மூட்டை ரோட்டை அடைத்துக் கிடக்கட்டும். இரண்டாவதில் நல்லெண்ணெய் வழியட்டும், பஸ் வழுக்கட்டும்! மளிகைக் கடையில் நின்று அதே பாதையில் மறுபடி ஏறினால் சாமான்கள் வரிசை மாறாமல் வந்து நிற்கும். சும்மா சொல்லவில்லை! சாதாரண ஆட்களுக்கு இந்த இட உத்தியைத் தினம் அரை மணி, 40 நாள் கற்றுக்கொடுத்தார்கள். 72 சொற்களில் 26 நினைவிருந்தவர்களுக்கு அதன்பின் எத்தனை தெரியுமா? 62! 2017-இல் வெளிவந்த கணக்கு இது. பயிற்சியை விட்டு 4 மாதம் கழித்துக் கூப்பிட்டுச் சோதித்தார்கள், கொஞ்சம் குறைந்திருந்தாலும் அப்போதும் அந்தத் திறமை முழுசாகக் கரையவில்லை!