காயைத் தொடும் முன்

டோமினோக் காய் என்பது பகடையின் இரண்டு முகங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டவைத்தது போன்ற ஒரு சிறு பட்டை. அது பிறந்ததும் பகடையிலிருந்துதான். இரண்டு பகடைகளை உருட்டினால் 21 விதமான சேர்க்கைகள் விழலாம். சீனர்கள் அந்த 21-ஐயும் காய்களாகச் செதுக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்த விளையாட்டு பரவியபோது, புள்ளியே இல்லாத வெற்று முகமும் சேர்ந்திருந்தது. பூஜ்யம் முதல் ஆறு வரை ஏழு முகங்கள், 28 காய்கள். ஒரு முழுப் பெட்டியைக் கொட்டி எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணும் சரியாக எட்டு முறை வரும். புள்ளிகள் மொத்தம் 168.

இந்தக் கூட்டல் கணக்கை முதலிலேயே சொல்லக் காரணம், இப்போது பலரும் நாள்தோறும் போடும் ஒரு டோமினோப் புதிரின் சாவி அதில்தான் இருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ‘பிப்ஸ்’தான் அந்தப் புதிர். பிப் என்றால் காயின் மேலுள்ள புள்ளி. தினமும் எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று பலகைகள் வரும். கடினப் பலகைகளில் அடிக்கடி தென்படும் பெயர் ரொடோல்ஃபோ குர்ச்சான். அர்ஜென்டினாக்காரர், பல்லாண்டுகளாகப் புதிர் அமைப்பதையே தொழிலாகக் கொண்டவர்.

விதிகள் நான்கு வரியில் அடங்கும். கட்டங்கள் கொண்ட ஒரு பலகை, அதற்குக் கீழே சில காய்கள். எல்லாக் காய்களையும் வைத்து எல்லாக் கட்டங்களையும் மூட வேண்டும். பலகை வண்ணப் பகுதிகளாகப் பிரிந்திருக்கும், பகுதிக்கு ஒரு குறிப்பு இருக்கும். எண் இருந்தால் அந்தப் பகுதியின் புள்ளிகள் கூட்டினால் அந்த எண் வர வேண்டும். சமக்குறி இருந்தால் உள்ளே எல்லாம் ஒரே எண். வெட்டிய சமக்குறி இருந்தால் எல்லாம் வெவ்வேறு எண். இதைவிடக் குறைவு, இதைவிட அதிகம் என்றும் குறிப்புகள் வரும். குறிப்பில்லாத பகுதியில் எதுவும் வரலாம். ஒரு காயின் ஒரு பாதி ஒரு பகுதியிலும் மறுபாதி அடுத்த பகுதியிலும் கிடக்கலாம். வழக்கமான டோமினோ ஆட்டத்தைப் போல அடுத்தடுத்த காய்களின் எண் பொருந்த வேண்டியதில்லை.

தொடங்கிய புதிதில் நானும் கண்ணில் பட்ட காயை எடுத்துக் கண்ணில் பட்ட இடத்தில் வைத்துப் பார்த்தேன். எளிய பலகை அப்படியே முடிந்துவிடும். கடினப் பலகையில் கடைசி இரண்டு காய்கள் மட்டும் எங்கும் பொருந்தாமல் நிற்கும், எல்லாவற்றையும் கலைக்க வேண்டிவரும். தவறு கடைசிக் காய்களில் இல்லை என்பது எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின. எதையும் வைப்பதற்கு முன் கையிருப்பை எண்ணாமல் விட்டதுதான் தவறு.

பேச்சாகச் சொல்லாமல் ஒரு பலகையை வைத்தே காட்டுகிறேன். ஒரு தாளில் மேல் வரிசையில் ஐந்து கட்டம், கீழ் வரிசையில் ஐந்து கட்டம் வரைந்துகொள்ளுங்கள். இடமிருந்து வலமாக 1 முதல் 5 வரை எண். மேல் 1, மேல் 2, கீழ் 1 மூன்றும் ஒரு பகுதி, அதற்குச் சமக்குறி. மேல் 3, மேல் 4 சேர்ந்த பகுதிக்கு 12. மேல் 5, கீழ் 5 சேர்ந்ததற்கு 8. கீழ் 3, கீழ் 4 சேர்ந்ததற்கு 6. கீழ் 2 தனிக்கட்டம், குறிப்பில்லை. காய்கள் ஐந்து: 0-5, 1-4, 3-3, 3-6, 4-6.

முதலில் இதற்கு எத்தனை வழி இருக்கிறது என்று பார்ப்போம். எந்தக் காய் என்று பாராமல், வெறும் பட்டைகளாக இந்தப் பலகையை மூட 8 வழிகள். ஒவ்வொரு வழியிலும் ஐந்து காய்களை இடம் மாற்றி வைக்க 120 விதம். 3-3 தவிர மற்ற நான்கையும் திருப்பி வைக்கலாம் என்பதால் இன்னும் 16 மடங்கு. பெருக்கினால் 15,360. ஐந்தே காய்களுக்கு இவ்வளவு என்றால், பத்துப் பதினைந்து காய்களுடன் வரும் கடினப் பலகையைக் கைபோன போக்கில் வைத்து முடிப்பது எப்படி?

இப்போது எண்ணுவோம். காய்களின் பாதிகளைத் தனித்தனியாக எழுதினால்: 3 மூன்று முறை, 4 இரண்டு முறை, 6 இரண்டு முறை, 0, 1, 5 ஒவ்வொன்றும் ஒரு முறை. சமக்குறிப் பகுதிக்கு ஒரே எண் மூன்று வேண்டும். கையிருப்பில் மூன்று உள்ள எண் 3 மட்டுமே. ஆகவே அந்த மூன்று கட்டங்களும் 3. இரண்டு கட்டத்தில் 12 என்றால் 6, 6 தவிர வழியில்லை. மிச்சம் 0, 1, 4, 4, 5. இரண்டு கட்டத்தில் 8 வேண்டும். 3-ம் 5-ம் சேர்ந்தாலும் 8தான், ஆனால் 3 எல்லாம் செலவாகிவிட்டது. ஆகவே 4, 4. மிச்சம் 0, 1, 5. அதில் இரண்டு கூடி 6 வர வேண்டும் என்றால் 1-ம் 5-ம். குறிப்பே இல்லாத கீழ் 2-க்கு 0.

ஒரு காயைக்கூட இன்னும் தொடவில்லை. கீழ் 3, கீழ் 4 இரண்டில் 1 எது, 5 எது என்பது மட்டும்தான் தெரியாது.

கீழ் 2-ஐ இன்னொரு பாதையிலும் பிடிக்கலாம். ஐந்து காய்களிலும் உள்ள புள்ளிகள் மொத்தம் 35. எண் குறிப்புகள் 12, 8, 6 கூடினால் 26. மீதி 9 சமக்குறிப் பகுதிக்கும் தனிக்கட்டத்துக்கும். மூன்று 3-கள் அந்த 9-ஐ எடுத்துக்கொண்டால் தனிக்கட்டத்தில் மிஞ்சுவது 0. குறிப்பில்லாத கட்டம் என்றால் எது வந்தாலும் சரி என்று பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மொத்தத்திலிருந்து கழித்துப் பார்த்தால் அந்தக் கட்டமும் பல நாட்களில் பேசிவிடுகிறது. பெரிய பலகையில் நான் முதலில் போடும் கணக்கே இதுதான்.

அடுத்தது இடம். 3-3 காயை மேல் 1, மேல் 2 மீது படுக்கவைக்கத்தான் கை போகும். வைத்தால் என்ன ஆகும்? மூலையில் உள்ள கீழ் 1-க்கு இரண்டே அண்டைக் கட்டங்கள். மேலே உள்ளது மூடிவிட்டது. மிஞ்சியது கீழ் 2. கீழ் 1-க்கு வேண்டிய மூன்றாவது 3 இருப்பது 3-6 காயில். அப்படியானால் கீழ் 2-ல் 6 விழும், 12 பகுதிக்கு ஒரு 6 குறையும். ஆகவே 3-3 நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், மேல் 1-லும் கீழ் 1-லும். பிறகு மேல் 2-ல் 3, மேல் 3-ல் 6. மேல் 4-ல் 6, மேல் 5-ல் 4. கீழ் 2-ல் 0, அதன் துணையான 5 கீழ் 3-ல். கீழ் 4-ல் 1, கீழ் 5-ல் 4. முடிந்தது. 15,360 வழிகளில் இது ஒன்றுதான் விடை.

மூலைகளையும் முட்டுச்சந்துகளையும் முதலில் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். ஒரே ஓர் அண்டைக் கட்டம் உள்ள இடம் பலகையில் இருந்தால், அங்கே காய் எந்தத் திசையில் கிடக்கும் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. எந்தக் காய் என்று தெரியாவிட்டாலும் அதன் எல்லைக்கோட்டை வரைந்துவிடலாம்.

பகுதிகளின் எல்லைக்கும் ஒரு சட்டம் உண்டு. சமக்குறிப் பகுதிக்குள் முழுக் காயும் அடங்கினால் அது 3-3, 5-5 போன்ற இரட்டைக் காயாகத்தான் இருக்க முடியும். மற்றவை எல்லாம் எல்லையைத் தாண்டி வெளியே ஒரு காலை நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு கட்டச் சமக்குறிப் பகுதி, கையில் அந்த எண்ணின் இரட்டை இல்லை என்றால், நான்கு காய்கள் நான்கு பக்கமும் வெளியே வந்தாக வேண்டும். அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தாலே பல எண்கள் கழிந்துவிடும். வெட்டிய சமக்குறியில் இது தலைகீழ்: இரட்டைக் காய் உள்ளே முழுதாக நுழையவே முடியாது. கட்டங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ள எந்தப் பகுதியிலிருந்தும் ஒரு காயாவது வெளியே போயே தீரும்.

எண் குறிப்புகளில் ஓரங்களைத்தான் நம்ப வேண்டும். மூன்று கட்டத்தில் 1 என்றால் இரண்டு 0, ஒரு 1. நான்கு கட்டத்தில் 23 என்றால் மூன்று 6, ஒரு 5. மூன்று கட்டத்தில் 9 என்பது எதையும் சொல்லாது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். குறைவு, அதிகம் என்ற குறிப்புகளும் பெரும்பாலும் அப்படித்தான், தனிக்கட்டத்தில் ‘4-ஐவிட அதிகம்’ என்று வந்தால் தவிர.

பாதியில் நிற்கும் பலகையில் மிஞ்சிய வெற்றிடம் ஒற்றைப்படையாகத் துண்டுபட்டால் எங்கோ தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். இரட்டைப்படையாக இருந்தாலும் போதாது என்பதை மாக்ஸ் பிளாக் என்ற தத்துவ அறிஞர் 1946-ல் ஒரு புதிராகக் கேட்டார். சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டிவிட்டால் 62 கட்டங்கள் மிஞ்சும். 31 டோமினோக்களால் அதை மூட முடியுமா? முடியாது. டோமினோ எங்கே கிடந்தாலும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளைக் கட்டத்தை மூடும். எதிர்மூலைகள் இரண்டும் ஒரே நிறம் என்பதால் மிச்சத்தில் ஒரு நிறம் 32, மறுநிறம் 30. கடினப் பலகையில் ஒரு துண்டு ஒதுங்கிப் பிரியும்போது அதை மனத்துக்குள் கறுப்பு வெள்ளையாகத் தீட்டிப் பார்ப்பேன். இந்த நிரூபணத்தைவிட அழகான ஒன்றை நான் புதிர் உலகில் கண்டதில்லை.

மேலே 8 வழிகள் என்றேனே, அது எங்கிருந்து வந்தது? இரண்டு வரிசைப் பலகையில் நிமிர்ந்த காய் ஒரு நெடுவரிசையை அடைக்கும். படுத்த காய்கள் மேலும் கீழுமாகச் சோடியாகத்தான் வரும், இரண்டு நெடுவரிசையை அடைக்கும். அதாவது ஐந்தை ஒன்றுகளாலும் இரண்டுகளாலும் எத்தனை விதமாகக் கூட்டலாம் என்பதே கேள்வி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்த நமக்கு இது புதிதல்ல. குறிலையும் நெடிலையும் கோத்து ஐந்து மாத்திரை எத்தனை விதமாக அமைக்கலாம் என்பதும் இதே கேள்விதான். சமஸ்கிருத யாப்பில் இதை எண்ணிய ஹேமசந்திரர் 12ஆம் நூற்றாண்டில் 1, 2, 3, 5, 8 என்ற தொடரை எழுதினார். 1202-ல் நூல் எழுதிய ஃபிபோனாச்சியின் பெயரில் இன்று வழங்குவது அதே தொடர். நம் விடை அந்த எட்டில் எது? நிமிர்ந்த காய், படுத்த சோடி, படுத்த சோடி: குறில், நெடில், நெடில். வரிசைகள் கூடினால் எண்ணிக்கை மலைபோல் ஏறும். சதுரங்கப் பலகையை 32 டோமினோக்களால் மூட 1,29,88,816 வழிகள் என்று 1961-ல் கஸ்தலைனும், தனியாக டெம்பர்லியும் ஃபிஷரும் கண்டார்கள். அவர்கள் இயற்பியலில் மூலக்கூறுகள் ஒரு பரப்பில் ஒட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணியும் இடம் பார்த்தும் நகரவில்லை என்றால் ஊகிக்கத்தான் வேண்டும். இரண்டே வாய்ப்பு உள்ள இடத்தைத் தேடி அங்கே ஊகியுங்கள். ஒன்று முட்டினால் மற்றது உண்மை. ஐந்து வாய்ப்புள்ள இடத்தில் ஊகித்தால் முட்டினாலும் கற்றது கொஞ்சம்தான்.

குறிப்புகள் எவ்வளவு கச்சிதமாக வைக்கப்படுகின்றன என்று காண, நம் பலகையில் ஒரு குறிப்பை அழித்துப் பாருங்கள். 6-ஐ அழித்தால் விடை இரண்டாகும்: 0-5 காயைத் திருப்பிப் போட்டாலும் செல்லும். அந்தக் காயைத் திரும்பவிடாமல் பிடித்து நிறுத்துவது மட்டுமே 6-ன் வேலை. 8-ஐ அழித்தாலும் விடை இரண்டு: கீழ் வரிசையில் 0-5-ம் 1-4-ம் இடம் மாறிக்கொள்ளும். 12-ஐ அழித்தால் ஆறு விடைகள். அந்த ஆறையும் தாளில் வரைந்து பாருங்கள். ஆறிலும் நான்காம், ஐந்தாம் நெடுவரிசைக் காய்கள் படுத்தேதான் இருக்கும், ஏனென்றால் கையிருப்பில் 4-4 இல்லை.