பச்சோந்தியின் குடற்புழுக்கள்: கண்டறிதலும் சிகிச்சையும்

அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய எல்லைப்புற ஊர்களில் மலையாளம் பேசுவோர் வேலியில் ஓடும் ஓணானை ‘ஓந்து’ என்பர். தமிழில் பச்சோந்தி எனப்படுவது அதனின் வேறான பிராணி. ஓணானும் நிறம் மாறுவதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் உளர். கூம்புபோற் புடைத்து, ஒன்றையொன்று சாராது சுழலும் கண்கள், இடுக்கிபோல் இரு கூறாகப் பிரிந்து கிளையைப் பற்றும் விரல்கள், சுருண்டுகொள்ளும் வால் ஆகியவை பச்சோந்திக்கே உரியன. மாணவர் கொணரும் பிராணியில் ஆசிரியர் முதலில் நோக்க வேண்டியவை இவையே.

இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதனை வீட்டில் வளர்த்தல் குற்றமாகும். கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஏமன் நாட்டிலும் மடகாஸ்கர் தீவிலும் தோன்றிய பச்சோந்திகளை வளர்ப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். ஆகவே இங்குக் கூறப்படுவன மீட்கப்பட்ட பிராணிகளைப் பேணும் ஊழியருக்கும், பதிவு பெற்று வளர்ப்போருக்குமே பயன்படும்.

காட்டில் திரியும் பச்சோந்தியின் குடலில் சில புழுக்கள் இருப்பது வியப்பன்று. அவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. கூண்டில் அடைத்ததும் நிலைமை மாறுகிறது. மலத்தோடு வெளிப்பட்ட முட்டைகள் நீரிலும், இரையாக விடப்பட்ட பூச்சிகளின் உடலிலும் ஒட்டி, அதே பிராணியின் வாயினுள் மீண்டும் புகுகின்றன. காக்ஸிடியா என்னும் ஓரணு ஒட்டுண்ணியும் இவ்வாறே பெருகும். இடையே வேறோர் உயிரின் உதவி தேவைப்படும் ஒட்டுண்ணிகளோ, அவ்வுயிர் கூண்டில் இல்லையெனில் பெருகுவதில்லை. தோலின் கீழ் நூல்போல் நெளியும் பைலேரியா வகைப் புழு இத்தகையது. அதனைப் பரப்புவது கொசு.

இரை மறுத்தல், வாலடி மெலிதல், கண் குழிதல், மலம் நீர்த்து நாறுதல் ஆகியவை ஐயத்திற்குரிய குறிகள். ஆனால் நீர் போதாமையாலும் கண் குழியும். குறிகளை மட்டும் கண்டு மருந்து கொடுப்பது இருட்டில் கல்லெறிவதே.

மலப் பரிசோதனை கடினமானதன்று. பச்சோந்தியின் எச்சத்தில் வெண்மையான பகுதி யூரிக் அமில உப்பாகும். அதனைப் புழுவென மயங்குவோர் பலர். கருமையான பகுதியையே, மண் கலவாமல், அன்றைக்கே எடுத்தல் வேண்டும். பயற்றளவு மலத்தைச் செறிந்த உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டி, சிறு குழாயில் விளிம்புவரை நிரப்பி, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை வைக்கவேண்டும். கரைசலினும் இலேசான முட்டைகள் கால் மணி நேரத்தில் மிதந்து வில்லையில் ஒட்டும். அதனை நுண்ணோக்கியில் காணலாம். கசையிழையால் நீந்தும் ஓரணுவுயிர்கள் உப்பில் உருக்குலைந்துவிடுமாதலால், அவற்றிற்குப் புதிய மலத்தை 0.9 சதவீத உப்பு நீரில் கலந்து உடனே நோக்குதல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாச்சைக்கும் கரப்பானுக்கும் அவற்றிற்கே உரிய புழுக்கள் உண்டு. இரையோடு உட்சென்ற அவற்றின் முட்டைகள் செரிக்காமல் வெளிப்பட்டு, பச்சோந்தியின் நோயெனத் தோன்றும். அனுபவமுள்ள கால்நடை மருத்துவரே இதனைப் பிரித்தறிவார்.

உருளைப்புழுக்களுக்கு வழக்கமான மருந்து ஃபென்பெண்டசோல். எடையைக் கிராம் கணக்கில் நிறுக்காமல் அதனைத் தொடலாகாது. கிலோவுக்கு 50 மில்லிகிராம் என மருத்துவர் விதித்தால், 100 கிராம் எடையுள்ள பச்சோந்திக்கு வேண்டுவது 5 மில்லிகிராமே. 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அதைப்போல் முப்பது மடங்கு! இம்மருந்து மிகுந்தால் ஊர்வனவற்றின் வெள்ளணுக்கள் குறையும். ஆட்டிற்கும் மாட்டிற்கும் பயன்படும் ஐவர்மெக்டின் ஆமைகளைக் கொல்ல வல்லது. பச்சோந்திக்கும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கலாகாது. காக்ஸிடியாவுக்கு இவ்விரு மருந்துகளும் பயன்படா. அதற்கு மருந்து வேறு. வற்றிய உடலுக்கு முதலில் நீரூட்டி, பின்னரே மருந்து.

முதல் அளவோடு பணி முடிவதில்லை. பெரும்பாலும் இரு வாரங்களில் மறு அளவு கொடுக்கப்படும். அதன் பின் மலத்தை மீண்டும் சோதித்தல் வேண்டும். கூண்டின் அடித்தாளை நாள்தோறும் மாற்றி, எஞ்சிய பூச்சிகளை மாலையில் அகற்றாவிடின், மருந்துண்ட பிராணி பழைய முட்டைகளையே மறுபடி விழுங்கும். ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா கிருமி இருத்தல் பொதுவாதலால், தொட்டவர் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

மீட்கப்பட்ட இந்தியப் பச்சோந்தியை வெளிநாட்டுப் பச்சோந்திகள் இருந்த கூண்டில் ஒருபோதும் வைக்கலாகாது. அங்கே பெற்ற ஒட்டுண்ணியோடு அது புதருக்குத் திரும்புமாயின், அங்குள்ள மற்றப் பச்சோந்திகளுக்குச் சிகிச்சை செய்வார் எவருமிலர்.