கதிர்மருத்துவத்தின் தொடக்கத்தில் கட்டியின் எதிர்வினை: விரவல்சார் காந்த ஒத்ததிர்வுப் படிமவியலின் பயனும் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

கதிர்மருத்துவம் பெறும் கட்டி சுருங்குவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். அதற்கு முன்பே கட்டியினுள் நீர் மூலக்கூறுகளின் நகர்வில் மாற்றம் தோன்றக்கூடும். அம்மாற்றத்தை அளக்கும் விரவல்சார் எம்.ஆர்.ஐ. முறையின் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது. அளவீட்டில் காணும் உயர்வை எந்நிலையில் உண்மையான எதிர்வினையாகக் கொள்ளலாம் என்பதே இதன் மையக் கேள்வி.

திறவுச்சொற்கள்: கதிர்மருத்துவம், எம்.ஆர்.ஐ., விரவல், தோற்ற விரவல் குணகம், மீள்தன்மை எல்லை.

முன்னுரை

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு வழக்கமாக நாளொன்றுக்கு 2 கிரே வீதம் ஏறத்தாழ 7 வாரங்களில் 70 கிரே கதிர்வீச்சு செலுத்தப்படுகிறது. இக்காலத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் விழுங்குதற்குரிய தசைகளும் பாதிப்புக்குள்ளாகலாம். சிகிச்சை பயனளிக்கவில்லை என்பது இறுதியில்தான் தெரியவருமாயின், நோயாளிக்கு எஞ்சுவது பக்கவிளைவுகளே. இரண்டாம், மூன்றாம் வாரங்களிலேயே அதனை அறிய இயலுமாயின் சிகிச்சைத் திட்டத்தை மாற்ற வாய்ப்புண்டு.

உருவளவின் போதாமை

திண்மக் கட்டிகளின் எதிர்வினையை மதிப்பிடும் ரெசிஸ்ட் அளவுகோல் 2000இல் வெளியிடப்பட்டு 2009இல் திருத்தப்பட்டது. இலக்குக் கட்டிகளின் விட்டங்களின் கூட்டுத்தொகை குறைந்தது 30 விழுக்காடு சுருங்கினால் அதனைப் பகுதி எதிர்வினை என இது வகைப்படுத்துகிறது. ஆயினும், கதிர்வீச்சால் டி.என்.ஏ. சிதைந்த உயிரணு பெரும்பாலும் உடனே மடிவதில்லை. அடுத்தடுத்துப் பிளவுற முயலும்போதே மடிகிறது. மடிந்தவற்றின் எச்சங்கள் அகற்றப்படவும் காலம் தேவை. எனவே உருவளவு பின்தங்கியே மாறுகிறது.

சில வேளைகளில் உருவளவு திசைதிருப்பவும் செய்யும். கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சும் டெமோசோலோமைடு மருந்தும் அளித்த பின்னர், முதல் 12 வாரங்களுக்குள் படத்தில் கட்டி பெரிதானதுபோல் தோன்றிப் பின்னர் தானே தணிவதுண்டு. இது பொய்முன்னேற்றம் எனப்படுகிறது.

நீரின் நகர்வை அளத்தல்

உடல் வெப்பநிலையில் தடையற்ற நீரின் விரவல் குணகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.0030 சதுர மில்லிமீட்டர். அதன்படி ஒரு நீர் மூலக்கூறு 50 மில்லிவிநாடியில் ஒரு திசையில் சுமார் 17 மைக்ரோமீட்டர் இடம்பெயரும். இது ஓர் உயிரணுவின் அளவோடு ஒப்பிடத்தக்கது. ஆதலால் உயிரணுக்கள் நெருங்கியுள்ள கட்டியில் சவ்வுகள் இந்நகர்வைத் தடுக்கின்றன. உயிரணுக்கள் மடிந்து சவ்வுகள் சிதையும்போது தடை தளர்ந்து குணகம் உயர்கிறது.

இதனை அளக்கும் துடிப்புச் சரிவு முறையை ஸ்டெஜ்ஸ்கல், டேனர் ஆகியோர் 1965இல் வகுத்தனர். டெனி லெ பிஹான் குழுவினர் 1986இல் அதனை மூளைப் படிமங்களுக்குப் பயன்படுத்தினர். காந்தப்புலச் சரிவின் வலிமையும் கால அளவும் பி மதிப்பால் குறிக்கப்படுகின்றன. நீர் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு சமிக்ஞை குறையும். இரு பி மதிப்புகளில் பெற்ற சமிக்ஞைகளின் விகிதத்தினது இயல்மடக்கையை, அம்மதிப்புகளின் வேறுபாட்டால் வகுத்தால் தோற்ற விரவல் குணகம் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: பி மதிப்பு சுழியாக இருக்கையில் சமிக்ஞை 1000 எனக் கொள்வோம். பி மதிப்பு 1000 ஆகும்போது அது 368 ஆகக் குறைந்தால் குணகம் 0.0010. மூன்றாம் வாரத்தில் அதே நிலையில் சமிக்ஞை 301 எனில் குணகம் 0.0012. அதாவது 20 விழுக்காடு உயர்வு.

உயர்வு எப்போது எதிர்வினையாகும்?

கட்டியில் எந்த மாற்றமும் இல்லாதபோதும் அடுத்தடுத்த இரு அளவீடுகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. அத்தகைய வேறுபாடுகளில் 95 விழுக்காடு அடங்கும் வரம்பே மீள்தன்மை எல்லை. அளவீட்டுத் தரப்படுத்தலுக்கான கியூ.ஐ.பி.ஏ. அமைப்பின் வழிகாட்டுதலில் இவ்வெல்லை மூளைக்கு 11 விழுக்காடு, கல்லீரலுக்கு 26, புராஸ்டேட் சுரப்பிக்கு 47 எனத் தரப்பட்டுள்ளது. ஆகவே மேற்கூறிய 20 விழுக்காடு உயர்வு மூளைக்கட்டியில் உண்மையான மாற்றமாகக் கொள்ளத்தக்கது. புராஸ்டேட் கட்டியில் அது அளவீட்டுப் பிழையினின்று பிரித்தறிய இயலாதது.

சராசரியும் மறைக்க வல்லது. கட்டியின் ஒரு பகுதியில் உயிரணுக்கள் மடிந்து குணகம் உயர, மற்றொரு பகுதியில் உயிரணு வீக்கத்தால் குணகம் குறையலாம், சராசரி மாறாதிருக்கும். இதற்குத் தீர்வாக மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு முன்னும் மூன்றாம் வாரத்திலும் எடுத்த மூளைக்கட்டிப் படங்களைப் பொருத்தி, ஒவ்வொரு வாக்சலிலும் ஏற்பட்ட மாற்றத்தைத் தனித்தனியே குறித்தனர். இம்முறை செயல்சார் விரவல் வரைபடம் எனப்படுகிறது. எனினும் கட்டி சுருங்கும்போது படங்களைப் பொருத்துதல் கடினமாகிறது.

உயர்வுக்கு உயிரணு மடிவு மட்டுமே காரணமன்று. திசுவிடை நீர்த்தேக்கமும் குணகத்தை உயர்த்தும். பின்னாளில் உருவாகும் நார்த்திசு அதனைக் குறைக்கும். எனவே அளவீட்டு நாளும் முடிவைத் தீர்மானிக்கிறது.

முடிவுரை

படம்பிடித்தலையும் கதிர்வீச்சையும் ஒருங்கிணைக்கும் 1.5 டெஸ்லா எம்.ஆர். லினாக் கருவியில் உட்ரெக்ட் நகரில் 2017இல் முதல் நோயாளி சிகிச்சை பெற்றார். இத்தகைய கருவிகளால் சிகிச்சை நாள்தோறும் குணகத்தை அளக்கும் வாய்ப்புக் கிட்டியுள்ளது. ஆயினும் அளவீடுகள் பெருகுவதனால் மட்டும் நம்பகத்தன்மை பெருகாது. சிகிச்சைக்கு முன் இருமுறை அளத்தல், ஒரே கருவியையும் ஒரே பி மதிப்புகளையும் பின்பற்றுதல், உறுப்புக்குரிய மீள்தன்மை எல்லையை முடிவுடன் சேர்த்துக் குறிப்பிடுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. இவற்றைக் கடந்து நிற்கும் மாற்றமே நோயாளியின் சிகிச்சையை மாற்றுவது குறித்த ஆய்வுக்கு அடிப்படையாகத் தக்கது.