மர்ம நாவலும் மனித மனமும்

பொதுக்காரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு நாவல் படிக்கப் பொழுதேது என்று கேட்பவர் உண்டு. அதிலும் மர்ம நாவல் என்றாலோ, ரயில் பிரயாணத்தில் பொழுதைக் கழிப்பதற்கான சரக்கு என்பதே பலருடைய அபிப்பிராயம். கொலை செய்தவன் யார் என்ற ஒரே கேள்வியைக் கடைசி அத்தியாயம் வரையில் இழுத்துச் செல்லும் நூல்களைப் பொறுத்தவரை இந்த அபிப்பிராயம் பெரும்பாலும் சரியே. விடை தெரிந்தபின் அவற்றை மறுமுறை தொடுவார் அரிது. ஆனால், செய்தவனுடைய மனம் எப்படி வேலை செய்தது என்பதையே மர்மமாகக் கொண்ட நாவல்களும் இருக்கின்றன. அவற்றில் நான்கினை நமது வாசகர்களுக்குச் சிபாரிசு செய்ய விரும்புகிறோம்.

முதன்மையானது, ருஷ்ய ஆசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி 1866-ல் வெளியிட்ட ‘குற்றமும் தண்டனையும்’. எம். ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் இதைத் தமிழிலேயே படிக்கலாம். படிப்பைப் பாதியில் விட்ட ரஸ்கோல்னிகாவ் என்ற ஏழை இளைஞன், அடகு பிடிக்கும் கிழவியொருத்தியைக் கோடரியால் கொல்கிறான். ஆறு பாகங்களுள்ள நூலில் முதற் பாகத்திலேயே கொலை முடிந்துவிடுகிறது. அசாதாரண மனிதர்களைச் சாதாரணச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றும், பயனற்ற ஓர் உயிரைப் போக்கி அந்தப் பணத்தால் பலருக்கு நன்மை செய்யலாம் என்றும் அவன் தனக்குத்தானே தர்க்கம் செய்துகொண்டிருந்தான். ஆனால், எதிர்பாராமல் உள்ளே வந்த அவளுடைய சாதுவான தங்கையும் அதே கோடரிக்கு இரையாகிறாள். அவளைக் கொல்ல எந்தத் தர்க்கம் இருந்தது? விசாரணை அதிகாரி போர்ஃபிரியின் கையில் திடமான சாட்சியம் இல்லை. இளைஞனின் மனமே அவனைக் காட்டிக்கொடுக்கும் என்று அவர் பொறுமையுடன் காத்திருக்கிறார்.

பிரான்ஸிஸ் ஐல்ஸ் என்ற புனைபெயரில் ஆண்டனி பெர்க்லி காக்ஸ் 1931-ல் எழுதிய ‘மாலிஸ் அஃபோர்தாட்’ இரண்டாவது. கிராமத்து டாக்டர் ஒருவர் மனைவியைக் கொல்லத் தீர்மானித்துவிட்டார் என்பதை ஆசிரியர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். ஊரார் மதிக்கும் ஒரு மனிதர் சிறுகச் சிறுகக் கொலைகாரராவதைக் காண்பதில்தான் நமது திகில் இருக்கிறது.

டாஃப்னி டூ மாரியர் 1938-ல் வெளியிட்ட ‘ரெபெக்கா’வில் கதை சொல்லும் இளம் மனைவிக்குப் பெயரே கிடையாது. இறந்துபோன முதல் மனைவியின் பெயரோ மாளிகை முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அச்சத்தின் கண்கொண்டு அவள் கண்டதையெல்லாம் நாமும் உண்மையென்று நம்பி ஏமாறுகிறோம்.

நான்காவது, அமெரிக்க ஆசிரியை பட்ரீஷியா ஹைஸ்மித்தின் ‘தி டாலண்டெட் மிஸ்டர் ரிப்ளே’ (1955). டாம் ரிப்ளே என்பவன் ஒரு பணக்காரரின் மகனைக் கொன்று, அவன் பெயரிலேயே இத்தாலியில் வாழ்கிறான். போலீஸார் நெருங்கும்போது, இவன் அகப்பட்டுவிடக் கூடாதே என்று நமது நெஞ்சு பதைக்கிறது. அந்தப் பதைப்பை எண்ணிப் பின்னர் வெட்கமுறுவதே இந்நூலினால் நாம் அடையும் பயன்.

தீமை எப்போதும் எதிர்க்கட்சியில்தான் இருக்கிறது என்றும், நமது நோக்கம் உயர்ந்ததாகையால் நாம் கைக்கொள்ளும் வழியில் குற்றமில்லை என்றும் நினைப்பது சுலபம். கோடரி எடுத்த இளைஞனும் அப்படித்தான் நினைத்தான். பொதுவாழ்வில் இருப்போர் தம் நெஞ்சையும் அவ்வப்போது விசாரணைக்கு உட்படுத்த வேண்டும். புதிதாகப் படிக்கத் தொடங்குவோர் தாஸ்தாயெவ்ஸ்கியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். படிக்காமல் மட்டும் விட்டுவிடலாகாது.