டீசல் லாரியின் பலக்குறைவு: காரணமறியும் முறை

வெட்டிய கரும்பு ஒரு நாளுக்குமேல் தங்கினால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகையால், பாரமேற்றிய லாரி வழியில் பலங்குன்றுவது குடியானவருக்கே நஷ்டமாகும்.

2020-ஆம் வருஷம் ஏப்ரலில் இந்தியாவெங்கும் அமுலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி அமைந்த டீசல் லாரிகளில், எஞ்சினுக்குட் புகும் காற்றின் அழுத்தத்தை ஒரு சிறு சென்சார் அளந்து, மின்னணுப் பெட்டிக்குத் தெரிவிக்கிறது. அதற்கேற்பவே டீசல் பாய்ச்சப்படுகிறது. சென்சாரின் முனையில் கரி படிந்தாலும், மின்கம்பி தளர்ந்தாலும் தவறான அளவு செல்லும். உடனே பெட்டியானது எஞ்சினைக் காக்கும்பொருட்டு டீசலைக் குறைத்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரியும். மேட்டில் வண்டி இழுக்காது.

விளக்கு எரிந்ததும் சென்சாரை மாற்றுதல் வீண் செலவாகலாம். முதலில் காற்று வடிகட்டியில் அடைப்பும், டர்போவிலிருந்து செல்லும் ரப்பர்க் குழாய்களில் வெடிப்பும் உண்டாவெனப் பார்த்து, சென்சாரின் முனைக்கரியை நீக்கவேண்டும். பின்னர் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கானர் கருவியில் அழுத்தத்தைப் படிக்கவேண்டும். சமவெளியில் சுமார் 100 கிலோபாஸ்கலும், உதகமண்டலத்தில் 80-க்குச் சற்றுக் குறைவாகவும் காணுதல் முறை. இதற்கு மிகவும் மாறுபட்டால் சென்சாரோ கம்பியோ பழுது. அளவு பொருந்தியிருந்தும் பாரமிழுக்கையில் அழுத்தம் ஏறாவிடின், குற்றம் பெரும்பாலும் குழாயிலோ டர்போவிலோ இருக்கும்.

கரும்பு வெட்டுத் தொடங்குமுன் இப்பரிசோதனையை முடித்துக்கொள்ளுதல் நலம்.